விலை குறைந்த ஐந்து டிஸ்க் டிவிடி பிளேயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஐந்து டிஸ்க் போடும் சாதாரண பிளேயர் ஒன்று பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதே மாதிரி வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள், யாரோ கொடுத்த பழையதை வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். மூன்று டிஸ்க் மாடலுக்கும் இவை பொருந்தும்.

அஞ்சு டிஸ்க் போடலாம்னா அஞ்சும் ஒரே நேரத்துல ஓடுமா?

ஓடாது. உள்ளே டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ் பகுதி ஒன்றுதான், டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டாரும் ஒன்றுதான். ஐந்து குழிகள் உள்ள வட்டத் தட்டு ஒன்று திரும்பி, நீங்கள் கேட்ட டிஸ்க்கை லென்ஸுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும். மற்ற நான்கும் சும்மா படுத்திருக்கும்.

இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை பிளேயரில் வரும் புகார்களில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. குறை எங்கே என்று கண்டுபிடிப்பதும் இதனால்தான் சுலபம். அதைக் கீழே ‘நோ டிஸ்க்’ கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு டிஸ்க் முடிஞ்சு அடுத்தது வர ஏன் இவ்வளவு நேரம்? ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. காதைக் கொடுத்துக் கேட்டால் என்ன நடக்கிறது என்று வரிசையாகத் தெரியும். முதலில் சுழல்கிற டிஸ்க் நிற்கும், அந்த ‘உய்ங்’ சத்தம் இறங்கும். பிறகு லென்ஸும் மோட்டாரும் இருக்கும் பகுதி கீழே இறங்கும், ஒரு ‘டக்’. வட்டத் தட்டு திரும்பும்போது ‘கர்ர்’ என்று பல்சக்கரச் சத்தம். சரியான குழி வந்துவிட்டதா என்று ஒரு சென்சார் பார்த்துக்கொள்ளும். லென்ஸ் பகுதி மறுபடி மேலே எழும், மேலிருக்கும் காந்த மூடி டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும், இன்னொரு ‘டக்’. அப்புறம்தான் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்.

அதற்கு மேலும் வேலை இருக்கிறது. வந்திருப்பது சிடியா டிவிடியா என்று பிளேயருக்குத் தெரியாது. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் லேசர், டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ஒன்றைப் போட்டுப் பார்த்து, சரிவராவிட்டால் மற்றதைப் போட்டுப் பார்க்கும். எல்லாம் சேர்ந்து பதினைந்து, இருபது விநாடி ஆவது சாதாரணம். காலிக் குழிகள் இருந்தால் ஒவ்வொன்றையும் சோதித்துவிட்டுத்தான் நகரும், இன்னும் நேரமாகும். இந்தச் சத்தங்களின் வரிசையைப் பழகிக்கொண்டால், என்றாவது அது மாறும்போது கோளாறு வருகிறது என்று முன்னாலேயே தெரிந்துவிடும்.

விலை கம்மியா இருக்கே, படம் மட்டமா இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. டிவிடியில் இருக்கும் படமே 720க்கு 480 அல்லது 720க்கு 576 புள்ளிகள்தான். அதை எம்பெக்-2 முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பிரித்துக் காட்டும் சிப் மலிவான பிளேயரிலும் அந்த வேலையை ஒழுங்காகவே செய்கிறது. சாதாரண டிவியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

விலையைக் குறைத்த இடங்கள் வேறு. தட்டும் பல்சக்கரங்களும் மெல்லிய பிளாஸ்டிக்காக இருக்கும். பவர் போர்டில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்கள் மலிவானவையாக இருக்கும். ரிமோட் பட்டன்கள் சீக்கிரம் செத்துப்போகும். ஆகவே கடையில் படத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், தட்டைத் திறந்து மூடிப் பாருங்கள்.

எந்த கேபிள்ல மாட்டினா நல்லா தெரியும்?

மஞ்சள் கேபிள் ஒன்றில் படம் முழுவதும் போகும். நிறமும் வெளிச்சமும் கலந்து போவதால் ஓரங்களில் நிறம் ஊறும். எஸ்-வீடியோ அதைவிட ஒரு படி மேல். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்றாகப் பிரித்து அனுப்பும் காம்போனென்ட் இன்னும் மேல். எச்டிஎம்ஐ இருந்தால் யோசிக்காமல் அதிலேயே மாட்டுங்கள், படமும் ஒலியும் ஒரே கேபிளில் போய்விடும்.

எச்டிஎம்ஐ உள்ள மாடல்களில் ‘1080’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது படத்தை இழுத்துப் பெரிதாக்கி அனுப்பும் வேலை. டிஸ்க்கில் இல்லாத விவரம் எதுவும் புதிதாக வந்துவிடாது. அந்த வேலையை உங்கள் டிவியே நன்றாகச் செய்யக்கூடும். பிளேயரில் 576, 1080 இரண்டையும் மாற்றி வைத்துப் பார்த்து, கண்ணுக்கு எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படம் கறுப்பு வெள்ளையா வருது, பிளேயர் போச்சா?

அநேகமாக இல்லை. இரண்டே காரணங்களைப் பாருங்கள். பச்சை நிறத் துளையில் மஞ்சள் கேபிளைச் செருகியிருக்கலாம், அல்லது டிவி பக்கத்தில் அப்படி மாறியிருக்கலாம். காம்போனென்ட்டில் பச்சை வழியாக வெளிச்சத் தகவல் மட்டுமே போகும், அதனால் நிறமில்லாத படம் தெரியும். இல்லையென்றால் என்டிஎஸ்சி, பால் (PAL) என்ற இரண்டு டிவி முறைகளில், செட்டப் மெனுவில் பிளேயர் என்டிஎஸ்சி என்று இருக்கும், டிவியோ பால் மட்டும் ஏற்பதாக இருக்கும். பிளேயரில் ‘ஆட்டோ’ அல்லது ‘மல்டி’ என்ற தேர்வை எடுத்துப் பாருங்கள், டிவிக்கு என்டிஎஸ்சி தெரியாது என்றால் நேரே ‘பால்’ என்று வையுங்கள்.

செட்டப்ல புரோகிரசிவ்னு ஒண்ணை ஆன் பண்ணினேன், திரையே இருட்டாயிடுச்சு. எப்படித் திருப்புறது?

உங்கள் டிவியோ நீங்கள் மாட்டியிருக்கும் கேபிளோ அதை ஏற்கவில்லை. புரோகிரசிவ் என்றால் படத்தின் வரிகளைப் பாதி பாதியாக அனுப்பாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்புவது; அந்தப் படம் மஞ்சள் கேபிளிலும் எஸ்-வீடியோவிலும் போகாது. சில மாடல்களில் ரிமோட்டிலேயே அதற்கென ஒரு பட்டன் இருக்கும், டிஸ்க்கை நிறுத்திவிட்டு அழுத்துங்கள். இல்லாவிட்டால் அதை ஏற்கும் வேறொரு டிவியில் மாட்டி, மெனுவுக்குள் போய்ப் பழையபடி மாற்றுவதுதான் நேர்வழி.

பிளேயரை விசிஆர் (வீடியோ டேப் ரெக்கார்டர்) வழியா டிவிக்குக் கொடுத்திருக்கேன். படம் வெளிச்சமாகி மங்கி மங்கி வருது.

பல டிவிடிகளில் டேப்பில் பதிவு செய்வதைத் தடுக்கும் சிக்னல் உண்டு. விசிஆர் அதைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். நடுவில் விசிஆர் வேண்டாம், நேராக டிவியில் மாட்டுங்கள்.

ஆட்கள் எல்லாம் ஒல்லியா, நீளமா தெரியறாங்க. என்ன பண்றது?

செட்டப்பில் ‘டிவி ஷேப்’ அல்லது ‘ஆஸ்பெக்ட்’ என்று ஒன்று இருக்கும். அகலத் திரை டிவிக்கு 16:9. பழைய சதுர டிவிக்கு 4:3 லெட்டர்பாக்ஸ், அதாவது மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் காட்டுவது. சதுர டிவியை வைத்துக்கொண்டு 16:9 என்று வைத்தால்தான் எல்லோரும் ஒல்லியாவார்கள். 4:3 பான் ஸ்கேன் என்றால் திரை நிறையும், பக்கங்கள் வெட்டுப்படும். எனக்கு அது பிடிப்பதில்லை.

அகலத் திரையில் சரியாக வைத்த பிறகும் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதே என்பார்கள். படமே 16:9ஐ விட அகலமாக, 2.35:1 போல எடுக்கப்பட்டிருந்தால் வரத்தான் செய்யும். அதை இழுத்து நிரப்பாமல் விடுங்கள்.

பேசறது காதுல விழல, சவுண்டைக் கூட்டினா சண்டைக் காட்சியில வீடே அதிருது.

பல டிவிடிகளில் ஒலி 5.1 முறையில், அதாவது ஆறு ஸ்பீக்கருக்கென்று பிரித்து, இருக்கும். அதில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு உரியது. டிவியில் இருப்பது இரண்டு ஸ்பீக்கர் என்பதால் பிளேயர் ஆறையும் இரண்டாகக் கலக்கிக் கொடுக்கிறது. வசனம் அந்தக் கலவையில் அமுங்கிப்போகிறது.

செட்டப்பில் ஒலிப் பகுதியில் ‘டிஆர்சி’, ‘நைட் மோட்’ அல்லது ‘டைனமிக் ரேஞ்ச்’ என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். உரத்த இடங்கள் குறைந்து மெல்லிய இடங்கள் தூக்கித் தெரியும். டிஸ்க் மெனுவில் 2.0 (இரண்டு ஸ்பீக்கருக்கான) ஒலித்தடம் தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது. சத்தமே சுத்தமாக வரவில்லை என்றால் டிடிஎஸ் என்ற இன்னொரு வகை ஒலித்தடம் தேர்வாகியிருக்கலாம். மலிவான பல பிளேயர்கள் டிடிஎஸ்ஸை டிஜிட்டல் கேபிளில் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புமே தவிர, தாங்களே பிரித்துக் கொடுக்காது.

எங்க கல்யாண டிவிடி கம்ப்யூட்டர்ல ஓடுது, இதுல ஓட மாட்டேங்குது. ஏன்?

முதல் சந்தேகம் ஃபைனலைஸ் செய்யாததுதான். பதிவு செய்த டிஸ்க்கை முடித்து மூடும் வேலை அது. கம்ப்யூட்டர் அது இல்லாமலும் படித்துவிடும், வீட்டு பிளேயர் படிக்காது. எந்தக் கருவியில் பதிவு செய்தார்களோ அதிலேயே போய் முடித்து வாங்குங்கள்.

அது சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் டிஸ்க்கின் தன்மை. வீட்டில் எழுதும் டிஸ்க்கில் சாயப் படலம் ஒன்று இருக்கிறது. தொழிற்சாலையில் அச்சடித்த டிஸ்க் அளவுக்கு அது ஒளியைத் திருப்பி அனுப்பாது. திரும்பத் திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ வகை அதைவிட மிகக் குறைவு. லென்ஸ் புதிதாக இருக்கும்வரை தெரியாது. வயதான பிளேயரில் முதலில் படிக்க மறுப்பது ஆர்டபிள்யூ, அடுத்தது வீட்டில் எழுதியது, கடைசியாக அச்சடித்தது. முக்கியமான பதிவு என்றால் நல்ல டிஸ்க்கில், குறைந்த வேகத்தில், இன்னொரு பிரதி எடுத்துவையுங்கள். அதன் மேல் காகித லேபிள் ஒட்டாதீர்கள். எடை ஒருபக்கம் சாய்ந்து டிஸ்க் ஆடும், சூட்டில் ஓரம் பிரிந்து உள்ளே மாட்டிக்கொள்ளவும் செய்யும்.

அஞ்சு எம்பி3 டிஸ்க் போட்டு எல்லாப் பாட்டையும் கலந்து கேக்கலாமா?

இந்த பிளேயரை நான் இன்னும் விரும்புவதற்குக் காரணமே பாட்டுதான். ஒரு 700 எம்பி சிடியில் 128 கேபிபிஎஸ் தரத்தில் பன்னிரண்டு மணி நேரப் பாட்டு அடங்கும். ஐந்து போட்டால் ஒரு நாள் முழுக்க யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. எல்லா டிஸ்க்கும் வரிசையாக ஓடுவது ஏறக்குறைய எல்லா மாடலிலும் உண்டு.

ஐந்தையும் கலப்பதுதான் சிக்கல். பல மாடல்களில் ஷஃபிள் ஒரு டிஸ்க்குக்குள் மட்டுமே. கலக்கும் மாடலிலும் ஒவ்வொரு பாட்டுக்கும் தட்டு திரும்பிக்கொண்டே இருக்கும், மேலே சொன்ன இருபது விநாடி ஒவ்வொரு முறையும். தட்டின் ஆயுளும் அதில் கரையும். டிஸ்க் எழுதும்போதே பாட்டுகளைக் கலந்து எழுதிவிடுங்கள். கோப்புப் பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண் போடுங்கள், வரிசை மாறாது. தமிழில் பெயர் வைத்தால் திரையில் கட்டங்களாகத் தெரியும், பாட்டு ஒழுங்காக ஓடும்.

வெளிநாட்டுல இருந்து வந்த டிஸ்க்கைப் போட்டா ‘ராங் ரீஜன்’னு வருது.

டிவிடி வெளியிடுபவர்கள் உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவும் கனடாவும் 1. ஐரோப்பாவின் பெரும்பகுதி, ஜப்பான், மத்தியக் கிழக்கு 2. தென்கிழக்காசியா 3. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, லத்தீன் அமெரிக்கா 4. தெற்காசியா, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனா 6. பிளேயரின் பின்பக்கம் பூகோளப் படத்துக்குள் ஓர் எண் இருக்கும், டிஸ்க் உறையிலும் இருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும். டிஸ்க்கில் ‘ஆல்’ அல்லது 0 என்றிருந்தால் எங்கும் ஓடும். மலிவான பிளேயர்கள் சில எல்லா மண்டல டிஸ்க்கையும் ஏற்கும்படியே விற்பனைக்கு வந்தன. இந்த விஷயத்தில் விலை உயர்ந்தவற்றைவிட இவை வசதி.

மண்டலம் பொருந்தியும் படம் உருண்டால் பால், என்டிஎஸ்சி பிரச்சினை. கறுப்பு வெள்ளைக் கேள்வியில் சொன்ன செட்டப்தான். கூடவே வரும் ஒரு சந்தேகம்: ஒரே படம் ஒரு டிஸ்க்கில் நீளம் குறைவாகக் காட்டுகிறதே, வெட்டிவிட்டார்களா? விநாடிக்கு 24 ஃபிரேம்களாக எடுத்த படத்தை பால் டிஸ்க்கில் 25 ஆக ஓட்டுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். எதையும் வெட்டவில்லை.

டிஸ்க் உள்ள இருக்கு, ஆனா ‘நோ டிஸ்க்’னு காட்டுது. என்கிட்ட இருக்கறதுலயே பெரிய தலைவலி இதுதான்.

எனக்கு அதிகம் வரும் கேள்வியும் இதுதான். எதையும் கழற்றும் முன் ஒரே டிஸ்க்கை ஐந்து குழியிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு குழியில் மட்டும் படிக்கவில்லை என்றால் லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். அந்தக் குழி ஒழுங்காக நிற்காமல் கொஞ்சம் முன்னே பின்னே நிற்கிறது. தட்டின் பல்லில் தூசியோ உடைசலோ இருக்கும். எல்லாக் குழியிலும் அந்த ஒரு டிஸ்க் மட்டும் படிக்கவில்லை என்றால் டிஸ்க்தான் கோளாறு. சிடி ஓடுகிறது, டிவிடி எதுவும் ஓடவில்லை என்றால் சிவப்பு லேசர் மங்கிவிட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். இரண்டும் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் லென்ஸ் அழுக்கு.

டிஸ்க் அழுக்காக இருந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைத்தால் அந்தக் கீறல் தகவல் பாதையோடு சேர்ந்தே ஓடும், பிளேயரால் தாண்ட முடியாது. டிவிடியில் தகவல் படலம் 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருக்கிறது. சிடியில் அது பெயர் எழுதும் பக்கத்துக்கு அடியிலேயே இருக்கிறது. அதனால் சிடியின் மேல்பக்கக் கீறல் கீழ்ப்பக்கக் கீறலைவிட மோசம்.

லென்ஸுக்கு, குட்டிப் பிரஷ் ஒட்டிய துடைக்கும் டிஸ்க் விற்கிறார்கள். லேசான தூசிக்குப் போதும். சமையல் புகை, சிகரெட் புகை படிந்த லென்ஸுக்கு அது போதாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றி, ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் தொட்டுத் தொட்டுத் துடைக்க வேண்டும். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் போச்சு. மூடி திறந்திருக்கும்போது பிளேயரை ஆன் செய்து லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது. லேசர் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும், சிடிக்கான லேசர் கண்ணுக்கே ஏறக்குறைய தெரியாது.

படம் நடுவுல ஒரு தடவை அரை விநாடி நிக்குது. இதுவும் லென்ஸ் அழுக்கா?

ஒரே படத்தில், ஒரே இடத்தில், ஒரே ஒரு முறை என்றால் இல்லை. 4.7 ஜிபியில் அடங்காத படங்களை 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு டிஸ்க்கில் போடுவார்கள். முதல் அடுக்கு முடிந்ததும் லேசர் தன் பார்வையை இரண்டாம் அடுக்குக்கு மாற்ற வேண்டும். பெரும்பாலான படங்களில் உள்ளிருந்து வெளியே வந்தது, அங்கிருந்து மறுபடி உள்நோக்கித் திரும்பும். அந்த மாற்றம்தான் தடுக்கல். அங்கேயே முழுதாக நின்றுபோனால், அல்லது இடம் மாறி மாறித் தடுக்கினால், முந்தைய பதிலுக்குப் போங்கள்.

தட்டு வெளிய வர மாட்டேங்குது, வந்தாலும் உடனே உள்ள போயிடுது.

ரப்பர் பெல்ட். தட்டைத் தள்ளும் மோட்டாருக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் மோதிரம் போல ஒரு சின்ன பெல்ட் இருக்கிறது. வருடக்கணக்கில் அது வழவழப்பாகித் தொய்ந்துவிடும். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கும், தட்டு அசையாது. பாதி வந்த தட்டு தடைபட்டதாக நினைத்து பிளேயர் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பெல்ட்டை எடுத்து ஆல்கஹாலால் துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும். அதே சுற்றளவுள்ள புது பெல்ட் போடுவதே முழுத் தீர்வு. மலிவான பாகம், நிதானமாகச் செய்பவர் வீட்டிலேயே மாற்றலாம். தட்டைக் கையால் தள்ளி மூடும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். ஐந்து டிஸ்க் தட்டு அகலமானது, ஓரத்தில் தள்ளினால் கோணலாகப் போய்ப் பல் உடையும். அப்புறம் பெல்ட் மாற்றியும் பயனில்லை.

ஒரு படம் ஓடிட்டு இருக்கும்போதே மத்த டிஸ்க்கை மாத்தலாமா?

‘டிஸ்க் எக்ஸ்சேஞ்ச்’ என்ற பட்டன் இருந்தால் மாற்றலாம். ஓடும் டிஸ்க் உள்ளேயே நிற்க, தட்டு மட்டும் வெளியே வரும். போடும்போது டிஸ்க் குழிக்குள் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். 8 சென்டிமீட்டர் சின்ன டிஸ்க்குக்கு உள்வட்டக் குழி இருக்கும், அதில் வையுங்கள். ஒரே குழியில் இரண்டு டிஸ்க் ஒட்டிக்கொண்டு போய்விட்டால் தட்டு சிக்கிக்கொள்ளும்.

வீடு மாத்தப் போறோம். டிஸ்க் உள்ளயே இருக்கட்டுமா?

வேண்டவே வேண்டாம். ஐந்தையும் எடுத்துவிட்டு, தட்டை மூடி, திரையில் ‘நோ டிஸ்க்’ வந்த பிறகு ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்குங்கள். வண்டியில் ஆடும்போது பிடிப்பில்லாத டிஸ்க் குழியை விட்டு நழுவி லென்ஸ் பக்கம் விழுந்துவிடும். வைக்கும்போது சாய்க்காமல் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள்.

முன்னாடி சிவப்பு லைட் மினுக்குது, ஆன் ஆகவே மாட்டேங்குது. தூக்கிப் போட்டுடலாமா?

பொறுங்கள். விலையைக் குறைத்த இடம் என்று மேலே சொன்ன கெபாசிட்டர்தான் பெரும்பாலும் காரணம். பவர் போர்டில் சின்ன உருளைகளாக நிற்கும். மேல்தலை தட்டையாக இருக்க வேண்டும்; உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதுதான். ஒன்றிரண்டை மாற்றினால் பிளேயர் பிழைத்துக்கொள்ளும். ஆனால் இதை எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

யாரோ பயன்படுத்தினது ஒண்ணு கிடைக்குது. வாங்கலாமா, என்ன பார்த்து வாங்கணும்?

தொடர் பார்ப்பவர், பாட்டுக் கேட்பவர், டிஸ்க் நிறைய சேர்த்து வைத்திருப்பவர் என்றால் வாங்குங்கள். எப்போதாவது ஒரு படம் பார்ப்பவருக்கு ஒற்றை டிஸ்க் பிளேயர் போதும், கெட்டுப்போக அதில் பாகங்கள் குறைவு. புளூரே டிஸ்க் எதுவும் இதில் ஓடாது, அதற்கு 405 நானோமீட்டர் லேசர் வேண்டும்.

பார்க்கப் போகும்போது ஐந்து டிஸ்க் கொண்டுபோங்கள்: இரட்டை அடுக்குப் படம் ஒன்று, அச்சடித்த டிவிடி ஒன்று, வீட்டில் எழுதிய டிவிடி ஒன்று, பாட்டு சிடி ஒன்று, எழுதிய எம்பி3 சிடி ஒன்று. ஐந்தையும் போட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை வரிசையாக, பிறகு தாறுமாறாக மாற்றிப் பாருங்கள். இரட்டை அடுக்குப் படத்தைக் கடைசி அத்தியாயத்துக்கு ஓட்டிப் பாருங்கள். தட்டை நாலைந்து தடவை திறந்து மூடுங்கள், ஒரே வேகத்தில் வர வேண்டும். ரிமோட் இல்லாவிட்டால் வாங்காதீர்கள், செட்டப் மெனு பல மாடல்களில் ரிமோட்டில் மட்டும்தான் திறக்கும். ரிமோட் வேலை செய்கிறதா என்று தெரிய, அதன் முனையை போன் கேமராவுக்கு நேராகக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். திரையில் ஊதா வெளிச்சம் மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது. சில போன்களின் பின்கேமராவில் அது தெரியாது, அப்போது முன்கேமராவில் பாருங்கள்.